உட்கார்ந்தபடி உடுத்த: மாற்றுத்திறனாளிகளுக்கான துணி, தையல், கடை, ஊர்ப்பயணம் பற்றிய கேள்வி பதில்

ரெடிமேட் துணி எல்லாமே நிற்கிறவருக்காக வெட்டியது. நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர், ஒரு கையால் பட்டன் போடுபவர், காலைத் தாங்கும் கம்பிச் சட்டமான காலிப்பர் மாட்டியவர் யாரும் அந்த வெட்டில் இல்லை. கடை வாசலும் அப்படியே. இரண்டையும் திருத்த முதலில் வேண்டியது ஒரு டேப். கீழே உள்ளவை சென்னையை மனதில் வைத்து எழுதியவை. தையல் அளவுகள் மற்ற ஊர்களுக்கும் பொருந்தும். டெய்லர் இன்ச்சில்தான் பேசுவார், கட்டட விதிகள் மெட்ரிக்கில் இருக்கின்றன. அதனால் இங்கேயும் இரண்டும் கலந்தே வரும்.

கடையில் வாங்கிய பேண்ட் சக்கர நாற்காலியில் உட்கார்ந்ததும் ஏன் பின்னால் இறங்கிவிடுகிறது?

உட்காரும்போது பின்புறம் நீள்கிறது, முன்புறம் சுருங்குகிறது. இடுப்பிலிருந்து பிட்டத்தைச் சுற்றிக் கவட்டை வரை போகிற துணி போதாமல் பின்பட்டி கீழே இழுபடும். முன்னால் மிச்சத் துணி மடிந்து வயிற்றில் குத்தும். முழங்கால் மடங்குவதால் காலும் தூக்கிக்கொண்டு கணுக்கால் தெரியும். பெரிய சைஸ் வாங்கினால் தீராது. இடுப்பு தொளதொளக்கும், பின்னால் இறங்குவது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். குறை சைஸில் இல்லை, வெட்டில்.

டெய்லரிடம் என்ன அளவு சொல்ல வேண்டும்?

உட்கார்ந்த நிலையில் அளவெடுக்கச் சொல்லுங்கள். நின்று காட்ட முடிகிறவராக இருந்தாலும் உட்கார்ந்தே கொடுங்கள். உடம்பைத் தூக்க முடியாதவருக்கு ஒரு வழி: கட்டிலில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் நாற்காலியில் இருப்பதுபோல் மடக்குங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு நூலைக் கட்டுங்கள். பின் நூலிலிருந்து கால்களுக்கு நடுவே முன் நூல் வரை டேப்பை ஓட்டினால் மொத்தச் சுற்று கிடைக்கும். கவட்டைத் தையல் வரும் இடத்தில் பின் எவ்வளவு, முன் எவ்வளவு என்று தனித்தனியே குறியுங்கள். கால் நீளத்தை இடுப்புப் பக்கத்திலிருந்து தொடை மேலாக முழங்கால், அங்கிருந்து கணுக்கால் என்று வளைவோடு எடுக்க வேண்டும்.

பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான வெட்டைவிடப் பின்புறம் 2 முதல் 3 இன்ச் கூடும், முன்புறம் 1 முதல் 1½ இன்ச் குறையும், கால் நீளம் 2 இன்ச் கூடும். உட்கார்ந்தால் தொடை பரவும். சுற்றளவில் 1 இன்ச் விடச் சொல்லுங்கள். முதலில் மலிவான காடாத் துணியில் ஒன்று தைத்துப் போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாப் பேண்ட்டும் நன்றாகத்தான் தெரியும்.

புதிதாகத் தைக்காமல், வாங்கியதையே ஆல்டர் செய்ய முடியுமா?

முடியும். இடுப்புக்குச் சரியாக இருப்பதை, கால் நீளம் கூடுதலாகப் பார்த்து வாங்குங்கள். பின்பட்டியைப் பிரித்து, பட்டிக்கும் துணிக்கும் நடுவே பிறை வடிவத்தில் ஒரு துண்டு சேர்க்க வேண்டும்: நடுவில் 2½ இன்ச் உயரம், இரண்டு பக்கத் தையலையும் தொடும்போது ஒன்றுமில்லாமல் தேய்ந்துபோகும்படி. வெட்டிய கால் துணியோ, கழற்றிய பின்பாக்கெட்டோ இதற்குப் போதும். பட்டியின் பின்பாதியில் எலாஸ்டிக் ஓட்டி, முன்பாதியைப் பிளெயினாக விட்டால் பார்க்க சாதாரணப் பேண்ட் மாதிரியே இருக்கும்.

பின்பாக்கெட் கட்டாயம் போக வேண்டும். இதில் டெய்லர்கள் செய்கிற தவறு, பாக்கெட்டின் வாயை மட்டும் தைத்து மூடிவிடுவது. தடிப்பு அப்படியே இருக்கும், அதன்மேல்தான் நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கும். துணியோடு பிரித்தெடுக்கச் சொல்லுங்கள். போன் வைக்கத் தொடையின் மேல்புறம், முழங்காலுக்குச் சற்று மேலே, மூடியுள்ள பாக்கெட் வைக்கலாம். பக்கவாட்டுப் பாக்கெட்டில் வைத்தால் நாற்காலியின் பக்கத்தகட்டில் அழுந்தும், இல்லையென்றால் நழுவித் தெருவில் விழும்.

ஜீன்ஸ் போடவே கூடாதா?

போடலாம், பார்த்து வாங்க வேண்டும். தண்டுவடக் காயத்தால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு ஒரு ரிவெட் (ஜீன்ஸில் அடிக்கும் உலோகக் குமிழ்), ஒரு தடித்த தையல், மடிப்பில் கிடக்கும் ஒரு நாணயம்கூட அழுத்தப் புண்ணில் கொண்டுபோய் விடும். வலி சொல்லாது என்பதுதான் சிக்கல். எலாஸ்டேன் என்ற இழுபடும் நூல் கலந்த மெல்லிய டெனிம், பின்னால் ரிவெட் இல்லாதது, கவட்டையில் நான்கு தையல் ஒரே புள்ளியில் சந்திக்காதது என்று தேடுங்கள். புதுத் துணி எதுவானாலும் முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, உட்காரும் எலும்பு, வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு மூன்றையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்போ, கருத்த தோலில் கூடுதல் கருமையோ இருந்தால் அந்தத் துணி வேண்டாம்.

இன்னொன்று. தண்டுவடக் காயம் மார்பின் ஆறாவது முள்ளெலும்பு அளவிலோ அதற்கு மேலோ இருப்பவருக்கு இறுக்கமான பட்டி, இறுக்கமான சாக்ஸ்கூடத் திடீரென ரத்த அழுத்தத்தை ஏற்றிவிடலாம். தலை வெடிப்பது போன்ற வலி, காயத்துக்கு மேலே வியர்வை, முகம் சிவத்தல் தெரிந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, துணியைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். குறையவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான்.

காலில் சிறுநீர்ப் பை கட்டியிருப்பவர் என்ன செய்வது?

பேண்ட் காலின் உள்பக்கத் தையலில், கணுக்காலிலிருந்து மேலே 8 முதல் 10 இன்ச் ஜிப். குழாயின் வாயை வெளியே எடுத்து ஊற்ற இது போதும், பேண்ட்டைக் கழற்ற வேண்டியதில்லை. உலோக ஜிப் வேண்டாம், நைலான் காயில் ஜிப் வையுங்கள், உள்ளே தோலுக்கும் ஜிப்புக்கும் நடுவே ஒரு துணிப் பட்டியும் வேண்டும். பை பாதிக்கு மேல் நிரம்ப விடாதீர்கள். கனத்தில் இழுபடும், துணிக்கு வெளியேயும் புடைத்துத் தெரியும். அடர் நிறமும் சிறு கட்டமும் ஈரத்தை மறைக்கும். வெளிர் காக்கி காட்டிக் கொடுக்கும்.

பட்டன் போட முடியவில்லை. வெல்க்ரோ நல்லதா, காந்தப் பட்டன் நல்லதா, டிச் பட்டனா?

டிச் பட்டனுக்கு விரலில் அழுத்தும் பலம் வேண்டும். மூட்டுவாதம், பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு அது ஆகாது. காந்தப் பட்டன் சுலபமானது, தானே போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் பேஸ்மேக்கர், இதயத் துடிப்பைச் சரிசெய்ய உடலுக்குள் வைத்த டிஃபிப்ரிலேட்டர், மூளைநீரை வடிக்கும் அளவு மாற்றக்கூடிய ஷண்ட் குழாய் வைத்திருப்பவர்கள் சட்டையில் காந்தம் வைக்கவே கூடாது. காந்தம் இக்கருவிகளிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்பது வழக்கமான எச்சரிக்கை; மார்புப் பட்டனில் அது நடக்காத காரியம். தூக்கிப் பிடித்து உடை மாற்றிவிடுகிற உதவியாளருக்குப் பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே கதைதான்.

வெல்க்ரோ எல்லா இடத்திலும் கிடைக்கும். வைக்கிற விதத்தில்தான் கெடும். சட்டையில் நீளப் பட்டையாக ஓட்டினால் முன்பக்கம் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். முக்கால் இன்ச் சதுரமாக ஐந்து துண்டு, மூலைகளை வட்டமாக வெட்டித் தையுங்கள். மேலே வரும் மடிப்பின் அடியில் மென்மையான பக்கம், கீழே இருக்கும் மடிப்பின் மேல் கொக்கிப் பக்கம். மாற்றித் தைத்தால் கொக்கி நெஞ்சைப் பிராண்டும். கழற்றிய பழைய பட்டன்களை மேல் மடிப்பின் வெளியே, பட்டன் துளையை மூடி, அழகுக்குத் தைத்துவிடுங்கள். துவைக்கும்போது ஒட்டி மூடிப் போட வேண்டும். திறந்து போட்டால் மற்ற துணியின் நூலை எல்லாம் இழுத்துக்கொண்டு வரும், பட்டுச் சேலை பக்கத்தில் இருந்தால் தொலைந்தது. கொக்கியில் நூல் அடைத்துப் பிடிப்பு போனால் பழைய டூத் பிரஷ் போதும். சூடான இஸ்திரி மேலே படக்கூடாது, நைலான் உருகும்.

பக்கவாதத்தால் ஒரு கை வரவில்லை. சட்டை போடுகிற வரிசை என்ன?

போடும்போது வராத கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். மடியில் சட்டையை உள்பக்கம் மேலாக விரித்து, வராத கையைச் சட்டைக்கையில் நுழைத்துத் தோள் வரை ஏற்றிவிட்டு, பிறகே முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். தோள் வரை ஏற்றாமல் அவசரப்பட்டால் பாதியில் சிக்கும். வராத பக்கத்துக் கைக்குழியை 1 இன்ச் பெரிதாக வெட்டச் சொல்லலாம், பார்வைக்குத் தெரியாது. மணிக்கட்டுப் பட்டனுக்குப் பதில் எலாஸ்டிக் நூலில் பட்டனைத் தைத்தால், பூட்டியபடியே கை நுழையும்.

சக்கர நாற்காலியில் சேலை கட்டுவது எப்படி?

இதுதான் அதிகம் கேட்கப்படுகிறது, அதிகம் சொதப்பப்படுவதும் இதில்தான். ரெடிமேட் சேலை என்று கடையில் விற்பது நிற்பவருக்குக் கொசுவம் தைத்தது. உட்கார்ந்தால் கொசுவம் மடியில் குவிந்து விசிறி மாதிரி நிற்கும்.

உங்கள் சேலையையே தைக்கக் கொடுப்பது மேல். ஐந்தரை மீட்டர் சேலையை வெட்ட மனம் வந்தால் இரண்டு பாகமாக்கலாம்: பாவாடைப் பாகம், முந்தானைப் பாகம். பாவாடைப் பாகம் எலாஸ்டிக் பட்டியோடு, பக்கவாட்டில் 9 இன்ச் திறப்பு, அதற்கு இரண்டு வரிசை கொக்கி அல்லது வெல்க்ரோ. நீளத்தை முன்னால் உட்கார்ந்தபடி, இடுப்பிலிருந்து முழங்கால் வழியாகக் கணுக்கால் வரை எடுங்கள். பின்னால் இருக்கைக்கு அடியில் போகிற துணியை நன்றாகக் குறைத்துவிடுங்கள். அங்கே இரண்டு சுற்று, உள்பாவாடை மடிப்பு என்று சேர்ந்தால் அதுவே புண்ணுக்கு வழி. கொசுவம் ஏழு வேண்டாம், நான்கைந்து போதும். மேலே 4 இன்ச் வரை தைத்து இறக்கி, முழங்காலுக்குக் கீழே விரிய விடுங்கள். கரை பாதப்பலகையைத் தொடாமல் 2 இன்ச் மேலே நிற்க வேண்டும்.

முந்தானைப் பாகத்தைத் தோளில் மடிப்பெடுத்து ரவிக்கையோடு டிச் பட்டனால் மாட்டலாம். ஊக்கு வேண்டாம், திறந்துகொண்டால் உணர்ச்சி இல்லாதவருக்குத் தெரியாது. முந்தானை நுனி முழங்கால் வரை போதும், அதை மடியில் முன்னால் கொண்டுவந்து செருகிக்கொள்ளுங்கள். பின்னால் தொங்கும் நீள முந்தானை சக்கரக் கம்பியில் சுற்றினால் கழுத்தை இழுக்கும். துப்பட்டாவும் அதேதான், பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் இன்னும் மோசம். நாற்காலிக்குப் பக்கத்தகடு இல்லை என்றால் சேலைக்கு முன் அதை மாட்டுங்கள்.

வெட்ட மனம் வராத கல்யாணப் பட்டு என்றால் வெட்டாமல், கொசுவத்தையும் பட்டியையும் கை ஓட்டுத் தையலில் பிடிக்கலாம், பின்னால் பிரித்துக்கொள்ளலாம். பட்டு வழுக்கும் என்பதை மறக்காதீர்கள். மெத்தையின் மேல் பட்டு பட்டால் உடம்பு முன்னால் சரியும். உள்பாவாடை சொரசொரப்பான பருத்தியில் இருக்கட்டும், இடுப்பு பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ரவிக்கைக்கு முன்பக்கத் திறப்புதான். பின்னால் கொக்கியோ, நாடாவோ, குஞ்சமோ வைத்தால் முதுகுச் சாய்வில் அழுந்தும். சக்கரத்தைத் தாமே தள்ளுபவர் என்றால் அக்குளில் 3 இன்ச் வைர வடிவத் துண்டு ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் வாரமே தையல் பிரியும். ஆண்கள் சட்டைக்கும் இது பொருந்தும்.

வேட்டி?

வெல்க்ரோ வைத்த நாலு முழ வேட்டியை எல்லா வேட்டிக் கடையிலும் ‘ஒட்டிக்கோ கட்டிக்கோ’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள். எட்டு முழம் நாற்காலியில் மடிப்பு மடிப்பாகக் குவியும், தவிர்த்துவிடுங்கள்.

காலிப்பர் மாட்டியவர், இரண்டு கால் இரண்டு அளவில் உள்ளவர் செருப்புக்கு என்ன செய்வது?

காலிப்பர் உள்ள காலுக்குப் பேண்ட் வெளித்தையலில் முழங்காலுக்கு மேல்வரை ஜிப் வையுங்கள். முழங்கால் பூட்டு உராயும் இடத்தில் உள்ளே இன்னொரு அடுக்குத் துணி ஒட்டுப்போட்டால் துணி ஓட்டையாவது தள்ளிப்போகும். செருப்பில் பின்வார் கட்டாயம். கால் உயர வேறுபாட்டுக்கு உள்ளே அட்டை வைப்பது அரை இன்ச்சுக்கு மேல் சரிவராது, குதிகால் வெளியே வந்துவிடும். அதற்கு மேல் என்றால் அடியில் ஏற்றித் தைக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு, சர்க்கரையாலோ தொழுநோயாலோ எதனால் என்றாலும், எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் செருப்புதான். ஆணி அடிக்காமல் ஒட்டித் தைத்ததா என்று கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

பார்வையற்றவர் துணி நிறத்தை எப்படிப் பிரித்தறிவது?

துவைத்தாலும் போகாத, தொட்டால் தெரிகிற அடையாளம் வேண்டும். கழுத்து லேபிளில் நூல் முடிச்சு போடுங்கள்: ஒரு முடிச்சு வெள்ளை, இரண்டு நீலம், மூன்று கறுப்பு என்று நீங்களே வைத்துக்கொள்ளும் கணக்கு. ஆறேழு நிறத்துக்கு மேல் கணக்கு குழம்பும். அதற்கு மேல் சிறு பட்டன், சதுரம், வட்டம் என்று போகலாம். சேலையையும் ரவிக்கையையும் ஒரே ஹேங்கரில் மாட்டுவதும், சாக்ஸை ஜோடியாக ஊக்கு குத்தி வலைப்பையில் போட்டுத் துவைப்பதும் பாதி வேலையை முடித்துவிடும். போனில் நிறம் சொல்லும் செயலிகள் இருக்கின்றன, டியூப்லைட் வெளிச்சத்தில் கடல் நீலத்தைக் கறுப்பு என்று சொல்லக்கூடியவை. ஜன்னல் பக்கம் பிடித்துக் கேளுங்கள்.

குழந்தை துணியைப் பிய்த்து எறிகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு எது சரி?

லேபிளை வெட்டினால் போதாது, வெட்டிய நுனி இன்னும் குத்தும், தையலோடு பிரித்தெடுங்கள். ஓவர்லாக் தையல் தோலில் படாதபடி பனியனை உள்வெளியாகப் போட்டுவிட்டால்கூடத் தப்பில்லை. விசேஷத்துக்குச் சரிகைச் சட்டை வேண்டுமென்றால் பலமுறை துவைத்த மெல்லிய பருத்தியில் முழு லைனிங் கொடுத்து, ஒரு வாரம் முன்பிருந்தே வீட்டில் சிறிது நேரம் போட்டுப் பழக்குங்கள்.

ஜவுளிக்கடை வைத்திருக்கிறோம். எங்கே தொடங்குவது?

வாசலில். சாய்தளத்தின் கணக்கு 1:12, அதாவது ஒரு செ.மீ. உயரத்துக்கு 12 செ.மீ. நீளம். 15 செ.மீ. படி ஒன்றுக்கு 1.8 மீட்டர், மூன்று படிக்கு 5.4 மீட்டர். இடமில்லை என்று பாதி நீளத்தில் போட்டால் அது சாய்தளம் இல்லை, சறுக்குமரம். அப்படிப்பட்ட இடத்தில் பக்கவாட்டில் ஒட்டித் திருப்பிக் கட்டலாம், அல்லது லிஃப்ட் உள்ள பின்வாசலைத் திறந்து வைக்கலாம். அகலம் குறைந்தது 1.2 மீட்டர், ஓரத்தில் சக்கரம் விழாதபடி சிறு விளிம்பு, இரண்டு பக்கமும் கைப்பிடி. பளபளக்கும் கிரானைட் வேண்டாம்; மழைநாளில் ஊன்றுகோல் வழுக்கும். பிறகு முன்னால் பைக் நிறுத்தாதபடி ஒரு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும். பல கடைகளில் சாய்தளம் இருந்தும் இல்லாததுபோல் ஆவது பைக்கால்தான்.

கதவின் திறந்த அகலம் 90 செ.மீ. டிரையல் ரூமில் 1.5 மீட்டர் விட்டத்துக்கு வெறும் தரை, அதில்தான் நாற்காலி திரும்பும். 45 முதல் 48 செ.மீ. உயரத்தில் அசையாத பெஞ்சு, பக்கத்தில் பிடிகம்பி, 1.2 மீட்டருக்கு மேல் போகாத கொக்கி, தரையிலிருந்து 30 செ.மீ.யில் தொடங்கும் கண்ணாடி. கதவு உள்பக்கம் திறக்கக்கூடாது. எல்லாம் செய்துவிட்டு அந்த அறையில் அட்டைப்பெட்டி அடுக்கி வைப்பதுதான் வழக்கம், வைக்காதீர்கள். டிரையல் ரூமுக்கே வழியில்லாத சின்னக் கடை என்றால், வீட்டில் போட்டுப் பார்த்து ஏழு நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். அதற்குக் கட்டுமானச் செலவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விற்பனையாளர் துணியை யார் உடுத்தப் போகிறாரோ அவரிடம் காட்ட வேண்டும். நாற்காலியைத் தள்ளி வந்தவரிடம் “இவருக்கு என்ன கலர் வேணும்?” என்று கேட்பது நிற்கட்டும்.

தி.நகருக்குப் போவது எப்படி? பஸ்ஸா, மெட்ரோவா, கால் டாக்ஸியா?

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிக்கும் உடன் வரும் ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. ஆனால் படியுள்ள வண்டியில் நாற்காலி ஏறாது. 2024 முதல் ஓடும் தாழ்தளப் பேருந்துகளில் மடித்து விரிக்கும் சாய்பலகை உண்டு. வண்டியின் தரை சுமார் 40 செ.மீ. உயரம். நடைமேடையை ஒட்டி நின்றால் அதில் 15 செ.மீ. குறையும், சாலை நடுவில் நின்றால் பலகை செங்குத்தாகிவிடும். ஓட்டுநரிடம் ஒட்டி நிறுத்தச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். ஏறும்போது முன்முகமாக, இறங்கும்போது பின்முகமாக.

மெட்ரோவில் லிஃப்டும் அகலமான நுழைவுக் கதவும் பெட்டியில் இடமும் இருக்கின்றன. பிரச்சினை நிலைய வாசலுக்கு வெளியே, கடை வரைக்குமான கடைசிக் கிலோமீட்டர். புறநகர் ரயிலில் வந்தால், மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 2023 மே மாதம் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை ரங்கநாதன் தெரு நெரிசலைத் தாண்டிவிடும். லிஃப்ட் ஓடுகிறதா என்று அன்றைக்கு விசாரித்துக்கொண்டு ஏறுங்கள். 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் தரை அகலமானது. அங்கே கவனிக்க வேண்டியது பைக் ஏறாமல் நட்டிருக்கும் குட்டைத் தூண்கள். நடுவே 90 செ.மீ. இல்லை என்றால் நாற்காலியும் ஏறாது. பார்வையற்றோருக்கான மஞ்சள் ஓடுகளில் நீளக்கோடு ‘போ’ என்று பொருள், புள்ளி ‘நில்’ என்று பொருள். அழகுக்காக மாற்றிப் பதித்த இடங்கள் ஊரில் நிறைய. கைத்தடியை நம்புவதே நல்லது.

கால் டாக்ஸி புக் செய்யும்போது டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது: “டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கா?” இருந்தால் மடித்த நாற்காலி உள்ளே போகாது. கழற்றும் சக்கரம் உள்ள நாற்காலி என்றால் பின்சீட்டில் அடங்கும்.

கடற்கரை?

மெரினாவில் 2022 நவம்பரில் 263 மீட்டர் மரப்பாதை திறந்தார்கள். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்தது, பிறகு சரிசெய்தார்கள். பலகைமேல் மணல் படிந்த இடத்தில் முன்சக்கரம் புதைந்தால் நாற்காலியைத் திருப்பிப் பின்முகமாக இழுக்க வேண்டும். வீடு வந்ததும் முன்சக்கர அச்சை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள், உப்பு பேரிங்கைத் தின்றுவிடும்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. மேல் தண்டுவடக் காயம் உள்ளவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்புச் சூடு இறங்க வழியில்லை. பாலியஸ்டர் வேண்டாம், ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீரும் கழுத்துக்கு ஈரத்துண்டும் பையில் இருக்கட்டும்.

கடையோ நிறுவனமோ வழி செய்ய மறுத்தால்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த முறைக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். அணுகல் விதிகள் வெறும் ஆலோசனையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. புகாரை மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதுங்கள். படியின் உயரம், கதவின் அகலம், டேப் தெரியும்படி எடுத்த படம், தேதி இவை இருந்தால் ஒரு பக்கம் போதும். கோபத்தை மட்டும் எழுதிய ஐந்து பக்கம் அங்கேயே கிடக்கும்.

கிளம்புமுன் கடைக்குப் போன் செய்து என்ன கேட்பது?

“வீல்சேர் வருமா?” என்று கேட்காதீர்கள், “வரலாம் சார்” என்பார்கள். வாசலில் எத்தனை படி, டிரையல் ரூம் எந்த மாடி, லிஃப்ட் கதவு எவ்வளவு அகலம், கழிவறைக்குள் நாற்காலி போகுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். லிஃப்டில் துணி மூட்டை ஏற்றும் நேரம் எது என்பதையும் கேட்டுவிடுங்கள். கடைசியாக வாசலை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். “ஒரே ஒரு படிதான்” என்பவர்கள் ஷட்டர் இறங்கும் திண்டைப் படியாகக் கணக்கில் சேர்ப்பதில்லை.